அரை மில்லிமீட்டரின் விலை

திண்டுக்கல்லில் எலும்பு மருத்துவம் பார்ப்பவர்களிடம் வருகிற முழங்கால்கள் பெரும்பாலும் தரையோடு பழகியவை. சின்னாளப்பட்டியில் தறியில் உட்கார்ந்தவை, நிலக்கோட்டைப் பக்கம் குனிந்தும் குந்தியும் பூப்பறித்தவை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை சுமந்தவை, வெங்காயப் பேட்டையில் நாள் முழுக்கக் குந்தியிருந்து தரம் பிரித்தவை. வலி ஆரம்பித்ததும் யாரும் வருவதில்லை. எண்ணெய், களிம்பு, பெல்ட், ஊசி என்று பல வருஷம் ஓட்டிவிட்டு, இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்குக் கால் வளைந்த பிறகுதான் வருகிறார்கள். எக்ஸ்ரே எடுத்தால் உள்பக்க இடைவெளி காணாமல் போய், எலும்பும் எலும்பும் ஒட்டிக் கிடக்கும். ‘ஜவ்வு தேஞ்சு போச்சு’ என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். முன்பெல்லாம் அடுத்த கேள்வி, ‘ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணுமா சார்?’ என்பது. இப்போது அது, ‘ரோபோவுல பண்ணிக்கிறதா, சாதாவா?’ என்று மாறியிருக்கிறது. மதுரைக்கும் கோவைக்கும் போகிற சாலை விளம்பரங்கள் செய்த வேலை. நான் கையால் அறுக்கிற கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக ரோபோ ஒரு மோசடி என்று எழுத வரவில்லை. அது தன் வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் அது தீர்க்கிற பிரச்சினையும், முழங்கால் மாற்றிக்கொண்ட பிறகும் சிலர் வலியோடு உட்கார்ந்திருப்பதற்கான காரணமும் வேறு வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் கடன் வாங்கிக் காசு கட்டுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சாதாரண முறையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் ரோபோ எங்கே நுழைகிறது என்று புரியும். முழங்காலின் முன்புறம் கீறி, சில்லை ஒதுக்கிவிட்டால், தொடை எலும்பின் இரண்டு குமிழ்களும் கீழெலும்பின் தட்டையான மேல்முகமும் தெரியும். தொடை எலும்பின் நடுவில் ஓட்டை போட்டு, மஜ்ஜைக் குழாய்க்குள் ஒரு நீளக் கம்பியைச் செலுத்துகிறோம். அந்தக் கம்பியில், ரம்பத்துக்கு வழிகாட்டுகிற ஜிக்கை மாட்டி, ஐந்தாறு டிகிரி கோணம் வைத்து, பின் அடித்து நிறுத்தி, அதன் பிளவு வழியே ரம்பத்தை விடுகிறோம். கீழெலும்புக்குக் கணுக்காலைக் குறிவைத்து வெளியே ஒரு ஜிக். ஒவ்வொரு அறுப்பிலும் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் எலும்பு போகும். ரம்பத்தின் தகடு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான கனம். வருஷக்கணக்கில் உரசி உரசி உள்பக்க எலும்பு தந்தம் மாதிரி இறுகிப் போயிருக்கும். அங்கே தகடு லேசாக மேலே வழுக்கும். பார்க்காமல் விட்டால் ஒரு டிகிரி அங்கேயே தவறிவிடும். அறுத்து முடித்ததும் இடைவெளிக் கட்டையைச் செருகி, காலை நீட்டியும் மடக்கியும் உள்பக்கமும் வெளிப்பக்கமும் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்கிறோம். இறுகியிருக்கிற உள்பக்க நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, எலும்பு முளைகளை உளியால் எடுத்து, இரண்டு பக்கமும் சமனாகிற வரைக்கும் இது நடக்கும். அதற்குப் பிறகே உலோகமும், நடுவில் வைக்கும் பாலிஎத்திலீன் தட்டும், சிமென்ட்டும். ஆபரேஷனின் பாதி அந்தச் சமன் பார்ப்பதில் இருக்கிறது. அதை அளப்பது பெரும்பாலும் டாக்டரின் கைதான்.

ரோபோ என்றதும் மனித உருவில் ஒன்று வந்து கத்தி பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தோலைக் கீறுவதும் நாரைத் தளர்த்துவதும் சிமென்ட் வைப்பதும் தைப்பதும் டாக்டர்தான். இயந்திரம் வருவது எலும்பை அளக்கிற, அறுக்கிற கட்டத்தில். ஸ்ட்ரைக்கர் நிறுவனத்தின் மேக்கோ மாதிரியானவற்றுக்கு முன்கூட்டியே சிடி ஸ்கேன் எடுத்து, கணினியில் அந்த ஆளின் எலும்பை வரைந்து திட்டம் போடுகிறார்கள். தியேட்டரில் தொடை எலும்பிலும் கீழெலும்பிலும் ஆணிகள் முறுக்கி, அவற்றின் மேல் அடையாளக் குமிழ்கள் பொருத்துகிறார்கள். அகச்சிவப்புக் கேமரா அந்தக் குமிழ்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கூர்முனையுள்ள ஒரு கோலால் எலும்பின் மேல் புள்ளி புள்ளியாகத் தொட்டு, ‘திரையில் இருக்கிற எலும்பு இதுதான்’ என்று கணினிக்குச் சொல்லவேண்டும். பிறகு ரம்பம் பூட்டிய கையை டாக்டர் பிடித்து நகர்த்துவார். திட்டமிட்ட எல்லையைத் தாண்டப் பார்த்தால் இயந்திரம் விடாது. சிம்மரின் ரோசா கொஞ்சம் வேறு மாதிரி, ஜிக்கை மட்டும் சரியான இடத்தில் பிடித்துக்கொடுக்கும். சிடி தேவையில்லாத வகைகளும் உண்டு. இவையெல்லாவற்றுக்கும் மூத்தது 1992-இல் அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு முதன்முதலில் பயன்பட்ட ரோபோடாக். அது டாக்டர் கை வைக்காமல் தானாகவே எலும்பைக் கடைந்தது. இன்றைக்குப் பெரும்பாலான இயந்திரங்கள் டாக்டரின் கையோடுதான் போகின்றன. ஆக, எலும்பின் அறுப்பு எந்தக் கோணத்தில், எத்தனை மில்லிமீட்டர் என்பதில் இயந்திரம் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. அதில் சந்தேகமே வேண்டாம். இன்றைய ரோபோக்களுக்கு முந்தைய தலைமுறையான, அறுக்காமல் அளந்து மட்டும் காட்டுகிற கணினி வழிகாட்டிகளைப் பற்றி 2007-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, கால் அச்சு 3 டிகிரிக்கு மேல் விலகியவை வழிகாட்டி இருந்தால் 9 சதவீதம், ஜிக் மட்டும் என்றால் ஏறக்குறைய 32 சதவீதம் என்று கண்டது. ரோபோக்கள் அதைவிட நுட்பமானவை. எக்ஸ்ரேயை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதலாம் என்றால் வழக்கு அதோடு முடிந்துவிடும்.

எக்ஸ்ரே நடப்பதில்லை, ஆள்தான் நடக்கிறார். தென்கொரியாவில் யங்-ஹூ கிம் என்ற அறுவை மருத்துவர் செய்த ஆய்வு அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1,406 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோபோடாக், மறு பாதிக்குக் கை முறை. ஆபரேஷன் செய்தவர் ஒருவரே. சராசரி 13 வருஷம் தொடர்ந்து பார்த்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். வலியிலும் நடையிலும் மடக்குகிற அளவிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இம்ப்ளான்ட் கழன்றது இரண்டு பக்கமும் 2 சதவீதம். 15 வருஷம் தாங்கியது இரண்டு பக்கமும் 98 சதவீதம். கொரியர்களும் நம்மைப் போலத் தரையில் உட்கார்ந்து பழகியவர்கள் என்பதால் வெள்ளைக்காரர்களின் கணக்கைவிட இது நமக்கு நெருக்கமானது. இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபம் நியாயமானது: அது பழைய இயந்திரம், இன்றைய ரோபோவோடு ஒப்பிடக்கூடாது, அதைக் கையாண்டவரும் ஆயிரக்கணக்கில் செய்து கைதேர்ந்தவர், அவருடைய கையே ரோபோ மாதிரிதான். முதல் பகுதியை ஒப்புக்கொள்கிறேன். புதிய இயந்திரங்களைப் பற்றி லண்டனில் இருந்து 2018-இல் வந்த ஒரு ஆய்வில், ரோபோ முறையில் செய்துகொண்டவர்களுக்கு முதல் சில நாள் வலி குறைவாக இருந்தது. கை முறையில் 105 மணி நேரத்தில் வீடு போனவர்கள் இதில் 77 மணி நேரத்தில் போனார்கள். ஆனால் அது ஒரு பக்கம் 40 பேர், மறு பக்கம் 40 பேர் என்ற சிறிய ஆய்வு. குலுக்கிப் பிரித்ததும் இல்லை. ஒரு முறையில் வரிசையாகச் செய்துவிட்டு அடுத்த முறைக்கு மாறினார்கள். ‘உங்களுக்குப் புது இயந்திரத்தில் செய்திருக்கிறோம்’ என்று சொன்ன மாத்திரத்தில் பாதி வலி பறந்துவிடுகிற மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தவிர, இன்றைக்கு மறுநாளே வாக்கர் பிடித்து நடப்பதற்குத் தொடையில் போட்டு முழங்கால் வலியை மரக்கவைக்கிற ஊசிக்கும், ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரானெக்சாமிக் அமிலத்துக்கும், மாத்திரைகளைச் சரியாகக் கலந்து கொடுக்கிற மயக்க மருத்துவருக்கும் பெரும்பங்கு உண்டு. விளம்பரப் பலகையில் அவர்கள் படம் வராது.

எனக்குப் பாதகமான ஒரு சான்றையும் மறைக்கக்கூடாது. ஆஸ்திரேலியாவின் மூட்டு மாற்றுப் பதிவேட்டிலிருந்து 2015-இல் வந்த கணக்கு, 65 வயதுக்குக் குறைந்தவர்களில் கணினி வழிகாட்டியோடு செய்தவர்களில் ஒன்பது வருஷத்துக்குள் மறு ஆபரேஷன் 6.3 சதவீதம், இல்லாதவர்களில் 7.8 சதவீதம் என்கிறது. நூற்றுக்கு ஒன்றரைப் பேர். துல்லியம் சிலருக்குப் பயன்படுகிறது என்று இது காட்டுகிறது. குறைந்த வயதில், அதிகம் நடமாடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நிச்சயம் பொருந்தும். எழுபது வயது அம்மாவுக்குப் பொருந்துமா என்றால், அந்தப் பதிவேடே அந்த வயதில் அவ்வளவு வித்தியாசம் காணவில்லை.

இவ்வளவு துல்லியம் வந்தும் ஏன் பலன் இவ்வளவுதான்? குறி எது என்பதே இன்னும் தீரவில்லை; அதனால்தான். 1974-இல் நியூயார்க்கில் ஜான் இன்சாலும் பீட்டர் வாக்கரும், இந்தியாவிலிருந்து போன சித்தரஞ்சன் ராணாவத்தும் சேர்ந்து உருவாக்கிய மூட்டிலிருந்துதான் இன்றைய மூட்டுகள் கிளைத்தன. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரு கோடு போட்டால் அது முழங்காலின் நடுவே போகவேண்டும். அப்படி நேராக்கினால்தான் மூட்டு நீடிக்கும் என்பதே அவர்கள் காலத்துப் பாடம். மூன்று டிகிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகலாம், அதற்கு மேல் கூடாது. 2010-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் 398 முழங்கால்களை 15 வருஷம் பார்த்துவிட்டு, அந்த மூன்று டிகிரிக்குள் இருந்தவையும் வெளியே இருந்தவையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நீடித்தன என்றார்கள். 2012-இல் பெல்ஜியத்தில் பெலமன்ஸ் குழுவினர், நோயே இல்லாத இளம்வயதினரின் கால்களை அளந்தார்கள். ஆண்களில் 32 சதவீதம் பேருக்கும் பெண்களில் 17 சதவீதம் பேருக்கும் கால் இயல்பாகவே 3 டிகிரியோ அதற்கு மேலோ வளைந்துதான் இருந்தது. அப்படியானால் இவர்களுக்கு வயதாகி மூட்டு தேய்ந்தபின், வளர்ந்தபின் ஒருநாளும் நேராக இல்லாத காலை நேராக்கி அனுப்புகிறோம். அவர்களுடைய நார்களும் தசைகளும் பழகிய கோணம் வேறு. அமெரிக்காவில் ஸ்டீபன் ஹோவெல் போன்றவர்கள் தேய்வதற்கு முன் கால் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைப்போம் என்று வேறு வழி பிடித்தார்கள். இந்தச் சண்டை இன்னும் நடக்கிறது. ரோபோவை ஆதரிப்பவர்கள் இங்கேதான் பலமான வாதம் வைக்கிறார்கள்: ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கோணம் என்றால், அதை அரை மில்லிமீட்டர் பிசகாமல் செய்ய இயந்திரம் வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் எந்தக் கோணம் என்று முடிவு செய்வது இயந்திரம் இல்லை. அது கேட்கிற எண்ணை டாக்டர்தான் கொடுக்கிறார். தப்பான எண்ணைக் கொடுத்தாலும் அதே அரை மில்லிமீட்டர் சுத்தத்தோடு அறுத்துத் தரும். திண்டுக்கல் பூட்டுக்காரர் சாவிப் பல்லை அரத்தால் ராவினாலும் மெஷினில் வெட்டினாலும், எந்த நெம்புக்கு எந்தப் பல் என்று தெரிந்திருந்தால்தான் பூட்டு திறக்கும்.

முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் திருப்தியில்லாமல் இருக்கிறார் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கடம். கனடாவின் ஒன்டாரியோவில் 1,703 பேரைக் கேட்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வில் 19 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். ரோபோவை விற்பவர்கள் இந்த ஐந்தில் ஒருவரைக் காட்டித்தான் விற்கிறார்கள். அதே ஆய்வில், திருப்தியின்மையோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து வந்தது எதிர்பார்ப்பு நிறைவேறாமல் போனது. அறுப்புக் கோணம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. நம்மூரில் அந்த எதிர்பார்ப்பு என்னவென்று யோசித்துப் பாருங்கள். சம்மணம் போட்டுச் சாப்பிடவேண்டும்; பின்கட்டுக் கக்கூஸில் குந்தவேண்டும்; தைப்பூசத்துக்கு நடந்து போய்ப் பழநி மலையின் ஏறக்குறைய 700 படிகளையும் ஏறவேண்டும். செயற்கை மூட்டில் 110, 120 டிகிரி மடக்குவது நல்ல பலன். குந்துவதற்கு அதற்கும் மேலே வேண்டும். நடை வரும், வலி போகும், மின்சார இழுவை ரயிலில் சுவாமி பார்க்கலாம். குந்துவதைப் பற்றி ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிடவேண்டும். பேசாமல் விட்டால் எத்தனை துல்லியமாக அறுத்தாலும் அந்த அம்மா ஏமாந்துதான் போவார். இன்னும் சிலருக்கு வலி முழங்காலிலிருந்து வருவதே இல்லை. இடுப்புத் தண்டு நரம்பு அழுந்தி முட்டியில் வலிக்கும். சிலருக்கு எக்ஸ்ரேயில் தேய்மானம் லேசாகத்தான் இருக்கும், ஆனாலும் அவசரப்பட்டு மாற்றிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பிறகு திருப்தி குறைவு. டென்மார்க்கில் 2015-இல் 100 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மூட்டு மாற்றியவர்கள் உடற்பயிற்சி, எடைக்குறைப்பு, மாத்திரை என்று இருந்தவர்களைவிட நன்றாகவே தேறினார்கள். ஆனால் ஆபரேஷன் இல்லாத பிரிவில் நான்கில் மூன்று பேர் ஒரு வருஷம் கழித்தும் ஆபரேஷன் கேட்கவில்லை. யாருக்குச் செய்வது, யாருக்குத் தள்ளிப்போடுவது என்கிற தேர்வில்தான் பாதி வெற்றி இருக்கிறது. அந்த முடிவு எடுக்கப்படுவது தியேட்டரில் இல்லை, ஓபி அறையில்.

பணத்துக்கு வருவோம். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் இம்ப்ளான்ட்டுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. அதுவரை ஒன்றரை லட்சம், அதற்கும் மேல் என்று விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு வந்தது. இந்த விஷயத்தில் அரசாங்கம் செய்த பெரிய காரியம் அது. ஆனால் வரம்பு உலோகத்துக்கும் பாலிஎத்திலீனுக்கும்தான். ரோபோவுக்கென்று தனியாக வாங்கும் கட்டணம் அதில் வராது. பில்லில் அது ‘டெக்னாலஜி சார்ஜ்’ என்றோ வேறு பெயரிலோ உட்கார்ந்துகொள்ளும். இயந்திரத்தின் விலை கோடிகளில். போட்ட முதலை எடுக்க மாதத்துக்கு இத்தனை கேஸ் என்று கணக்கு இருக்கும். போதாததற்கு, பெரும்பாலான ரோபோக்கள் அதே கம்பெனியின் மூட்டைத்தான் ஏற்கும். ஒருமுறை இயந்திரத்தை வாங்கிய மருத்துவமனை அந்தக் கம்பெனியோடு கட்டுண்டது. நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால், அந்தக் கூடுதல் பணத்துக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. ஆறு வாரம் வீட்டுக்கு வந்து மடக்கவைக்கிற பிசியோதெரபிஸ்ட்; உட்காரும் கக்கூஸ் ஒன்று; ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று மாதம் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது; கூலி இல்லாத நாட்களுக்குச் சாப்பாடு; கடைசியாக, காத்திருக்கிற இன்னொரு முழங்கால். புது மூட்டைக் கெடுக்கிற எமன் கிருமித்தொற்று. சர்க்கரை எகிறிக் கிடக்கும் உடம்பில் அது எளிதாக வரும். அதை எந்த ரோபோவும் தடுக்காது. ஒருவேளை ஆணி போட்ட துளைகள் வழியே கொஞ்சம் கூடலாம். அபூர்வமாக அந்தத் துளையில் எலும்பு முறிந்ததும் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர் மதுரை ராஜாஜி மருத்துவமனை மாதிரி அரசு மருத்துவமனையில் கை முறையில் செய்துகொண்டால், தனியார் ரோபோவுக்குப் போன பக்கத்து வீட்டுக்காரரைவிட ஒரு படி குறைந்துவிட்டதாக நினைக்கவேண்டியதில்லை.

ரோபோ உண்மையிலேயே கைகொடுக்கிற இடங்களை நான் ஒதுக்கவில்லை. உள்பக்கம் மட்டும் தேய்ந்து, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறவருக்குப் பாதி மூட்டு மட்டும் மாற்றுவது நுணுக்கமான வேலை; இடம் சிறிது, பிசகுக்கு மன்னிப்பு குறைவு. அதில் இயந்திரம் நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. பழைய எலும்பு முறிவு கோணலாகக் கூடியவர்கள், தொடை எலும்பில் முன்பே கம்பியோ பிளேட்டோ இருப்பவர்கள், தொடை எலும்பே பக்கவாட்டில் வளைந்திருப்பவர்கள் ஆகியோருக்கு மஜ்ஜைக் குழாயில் கம்பி நேராகப் போகாது. போனாலும் பொய் சொல்லும். நம் நாட்டுப் பெண்களில் அந்த வளைவு அரிதில்லை. மும்பையின் அருண் முல்லாஜி இத்தகைய கால்களைக் கணினி வழிகாட்டியோடு திருத்துவது பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் கவனியுங்கள், இதைச் செய்ய அளக்கிற கணினி போதும். அறுக்கிற கை கட்டாயமில்லை. ஒரு கேமராவும் குமிழ்களும் கோடிக்கணக்கில் கேட்பதில்லை. வழிகாட்டி வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் விளம்பரம் ஆகாமல் மூலையில் கிடப்பதற்குக் காரணம், ‘ரோபோ’ என்ற சொல்லுக்கு இருக்கிற மவுசு அதற்கு இல்லாததுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

‘உங்களிடம் இயந்திரம் இல்லை, அதனால் பழம் புளிக்கிறது’ என்று சக மருத்துவர்களே சொல்வார்கள். அதைவிடக் கனமான ஒரு கேள்வி அவர்கள் கேட்கவேண்டும், கேட்பதில்லை. வருஷத்துக்கு முந்நூறு, நானூறு செய்கிறவர் கையும் ரோபோவும் சமம் என்று கிம்மின் ஆய்வு காட்டினால், வருஷத்துக்கு இருபது செய்கிறவரின் கதை என்ன? அவருடைய அறுப்புகளில்தான் விலகல் அதிகம்; இயந்திரம் உதவவேண்டியது அவருக்குத்தான். ரோபோவுக்கு ஆதரவாக இருக்கிற ஆகச் சிறந்த வாதம் இது. இதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் நாட்டில் ரோபோ எங்கே நிற்கிறது? ஏற்கெனவே கை பழகிய, கூட்டம் அலைமோதுகிற பெரிய ஊர்க் கார்ப்பரேட் மருத்துவமனையில். தேவை இருக்கிற இடத்தில் அது இல்லை. 2022 ஜனவரியில் திறந்த பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று எங்கள் திண்டுக்கல்லில் இருக்கிறது. அங்கே எலும்புத் துறையில் பயிற்சி பெறப்போகிற பையன்களும் பெண்களும் முதலில் ஜிக்கிலும் கட்டையிலும் சமன் பார்க்கப் பழகவேண்டும். கேமராவின் பார்வையை யாரோ மறைத்து, குமிழ் அசைந்து, திட்டமே பாதியில் கலைந்தால் இயந்திரத்தை ஓரம் தள்ளிவிட்டு ஜிக்கைத்தான் கேட்கவேண்டி வரும். அப்போது கை தெரியாமல் நின்றால் மேஜையில் திறந்து கிடக்கிற முழங்காலுக்கு யார் பதில் சொல்வது?

சுவீடன் 1975-இலிருந்தே ஒவ்வொரு செயற்கை முழங்காலையும் பதிவு செய்கிறது, ஆஸ்திரேலியா 1999-இலிருந்து. எந்த மூட்டு, எந்த முறை, எத்தனை வருஷத்தில் மறு ஆபரேஷன் என்று அவர்களால் சொல்லமுடியும். நம்மிடம் இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர் சங்கம் நடத்துகிற பதிவேடு இருக்கிறது. விரும்பியவர்கள் விவரம் கொடுக்கலாம் என்கிற அளவில். பிரிட்டனில் 2025-இல், சிகிச்சைகளை மதிப்பிடுகிற நைஸ் அமைப்பு எலும்பு அறுவைக்கான ரோபோக்களை அனுமதித்தபோது, பயன்படுத்திக்கொண்டே சான்றும் திரட்டவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தது. இங்கேயும் அப்படியொரு நிபந்தனை வரட்டும்: ரோபோவுக்குத் தனிக் கட்டணம் வாங்குகிற மருத்துவமனை, தான் செய்த ஒவ்வொரு முழங்காலையும் பதிவேட்டில் ஏற்றவேண்டும், ஐந்து, பத்து வருஷத்தில் அது என்ன ஆனது என்பதையும் சேர்த்து. அதுவரை, என்னிடம் ‘ரோபோவா, சாதாவா’ என்று கேட்கிறவர்களிடம், உங்களுக்கு ஆபரேஷன் செய்யப்போகிறவர் வருஷத்துக்கு எத்தனை முழங்கால் செய்கிறார், ஆபரேஷனுக்குப் பிறகு மடக்கவைக்க யார் வருவார்கள் என்ற இரண்டையும் முதலில் விசாரித்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.